சிரிக்காத போட்டோ

மார்ச் 17, செவ்வாய்

நான் அன்றைக்கே சொன்னேன். இந்த சீரியல்காரர்கள் ஒரு நாள் பாப்பாவின் கழுத்தை அறுப்பார்கள் என்று ஒரு வருடத்துக்கு முன்பே சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்பது இப்போது ஞாபகம் இல்லை, ஆனால் சொன்னேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியவன். பள்ளிக்கூடம்தான் என்னை நிறுத்தியது என்று என் வீட்டுக்காரி சொல்வாள். எப்படியிருந்தாலும் ஒரு மனுஷன் முகத்தைப் பார்த்து மனசைப் படிப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை ஏழே காலுக்கு வண்டி ஷூட்டிங் இடத்துக்குள் நுழைந்தது. முன்சீட்டில் டிரைவர் பக்கத்தில் நான், பின்சீட்டில் பாப்பாவும் மேக்கப்காரம்மாவும். இருபத்துநாலு வருடமாக இதே வரிசை. வண்டி ஐந்து மாறிவிட்டது, வரிசை மாறியதில்லை. பாப்பா என் அக்கா மகள். வயது நாற்பத்தாறு ஆனாலும் எனக்குப் பாப்பா. டிவி பார்க்கிற ஜனங்களுக்கு அவள் 'பெரியம்மா'. ஆயிரத்து நூற்று நாற்பது எபிசோடாகத் தடுக்கி விழுந்து, ஏணியிலிருந்து சறுக்கி, சோப்புத் தண்ணீரில் வழுக்கி, ஊரையே சிரிக்க வைத்தவள்.

ஹால் செட்டுக்குள் போனோம். செட்காரர் ஏணி மேல் நின்றார். கீழே ஒருவர், "இடது பக்கம் ஒரு விரற்கடை தூக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சுவரில் கறுப்புச் சட்டம் போட்ட பெரிய போட்டோ. பாப்பாவின் போட்டோ.

சீரியலில் ஆளை எடுக்கிற முறை ஒன்று உண்டு. மேனேஜர் வாயைத் திறக்க மாட்டார், கம்பெனியிலிருந்து போனும் வராது. ஒரு நாள் காலையில் சுவரில் கறுப்புச் சட்டம் ஏறும். கடிதம், தந்தி, கும்பிடு எல்லாம் அதுதான். மற்றவர்களுக்கு அப்படி ஏறியதைப் பாப்பா நாலைந்து தடவை பார்த்திருக்கிறாள். முதலில் ஏதோ கனவு சீன் என்றுதான் நினைத்தாள். "என்னய்யா, என்னை எங்க அனுப்பிட்டீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். செட்காரர் ஏணியை விட்டு இறங்கினார்.

டைரக்டர் தம்பி வந்தான். தன் கையாலேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். டைரக்டரே நாற்காலி போட்டால் கதை முடிந்தது என்று அர்த்தம்.

"அம்மா, சேனல்ல சொல்லிட்டாங்கம்மா. கதை இனிமே சீரியஸா போகணுமாம். என் கையில ஒண்ணும் இல்ல."

"எப்படிச் சாகறேன்?"

"பஸ் ஆக்சிடென்ட்."

"எனக்கு சீன் இருக்கா?"

"இல்லம்மா. வீட்டுக்கு ஒரு போன் வரும். உங்க வீட்டுக்காரரா நடிக்கறவர் எடுத்துப் பேசுவாரு."

"அடப்பாவி. ஆயிரத்து நூத்தி நாப்பது எபிசோடு விழுந்திருக்கேன். விழுந்து சாகவாவது விட்டிருக்கலாம். அது ஒண்ணுதானே எனக்கு நல்லா வரும்?"

லைட்காரர் ஒருவர் சிரித்துவிட்டார். சிரித்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

அதுவரைக்கும் பாப்பா தைரியமாகத்தான் இருந்தாள். அப்புறம்தான் போட்டோவை நன்றாகப் பார்த்தாள். அவள் முகம் அப்படி வெளிறி நான் பார்த்ததில்லை.

அது இருபத்திரண்டு வயதில் எடுத்த போட்டோ. கதாநாயகி ஆகவேண்டும் என்று ஸ்டூடியோவுக்குப் போய், சிரிக்காமல், பக்கவாட்டில் கொஞ்சம் திரும்பி எடுத்துக்கொண்டது. அன்று அந்த ஸ்டூடியோவில் அவளுக்கு முகம் போட்டவர்தான் மேக்கப்காரம்மா. அன்றிலிருந்து கூடவே இருக்கிறார். முப்பது காப்பி போட்டோம். முப்பது கம்பெனி ஏறி இறங்கினோம். கடைசிக் கம்பெனியில் முதலாளி போட்டோவையும் இவளையும் மாற்றி மாற்றிப் பார்த்து, "வேண்டாம்மா" என்றார். இவள் எழுந்தபோது நாற்காலி தடுக்கி, மேஜை மேல் விழுந்து, அங்கிருந்து தரைக்கு வந்தாள். முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றைக்கே காமெடி வேஷம் கொடுத்தார். அந்த நாற்காலியைக் காலால் ஒரு சாண் நகர்த்தி வைத்தவன் யார்? நான். அந்த ஒரு சாணில்தான் இத்தனை வருடப் பிழைப்பும் நிற்கிறது. இதை நான் சொல்லாத மேடை கிடையாது.

அந்த முப்பதில் மிஞ்சிய ஒரே காப்பி வீட்டில் பீரோவின் அடித்தட்டில், ஒரு பழைய துண்டில் சுற்றி இருந்தது. அவள் யாருக்கும் காட்ட மாட்டாள். அது எப்படிச் சுவருக்குப் போயிற்று?

போட்டோவைப் பார்த்ததும் மேக்கப்காரம்மா "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டார். நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

போன வாரம் வரை என்னை 'சார், சார்' என்று கூப்பிட்ட கூட்டம். இன்று டைரக்டர் தம்பி, "பெரியவரே, கொஞ்சம் ஓரமா நில்லுங்க" என்றான். ஓரமாக நின்றேன்.

மார்ச் 18, புதன்

பாப்பா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பத்து மணிக்கு வீட்டு ஹாலுக்கு வந்தாள். அந்தப் பழைய துண்டு அவள் கையில் இருந்தது. வெறும் துண்டு.

"மாமா, வேலை போனது போகட்டும். அது வரும், போகும். இந்தப் பீரோவுல இருந்து அத யாரு எடுத்துக் குடுத்தா? அந்தப் பொண்ண நான் யாருக்குமே காட்டினதில்ல. அவளப் போய்ச் செத்தவளா மாட்டிட்டாங்களே."

அந்தப் போட்டோ இருக்கிற இடம் தெரிந்தவர்கள் நாலு பேர். பாப்பா, நான், என் வீட்டுக்காரி, மேக்கப்காரம்மா. என் வீட்டுக்காரி செட் பக்கமே வரமாட்டாள். அப்படியென்றால் கணக்கு எங்கே போகிறது?

எனக்குச் சொல்ல மனமே இல்லை. ஆனால் கண்ணால் கண்டதை எப்படி மறைப்பது? சொல்லிவிட்டேன். ஆறாம் தேதி, வெள்ளிக்கிழமை, மதியம். ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் மேக்கப்காரம்மா ஒரு பழுப்புக் கவரைச் செட்காரரிடம் கொடுத்தார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கொடுத்தார். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

"அக்காவா?" என்றாள் பாப்பா.

"கவர் இந்த அளவு இருக்கும்" என்று கையால் காட்டினேன்.

"அக்கா எதுக்கு மாமா செய்யணும்?"

"புதுசா வர்ற நடிகைக்கு முகம் போட ஆள் வேணாமா? முன்னாடியே துண்டு போட்டு வச்சுட்டாங்க. உலகம் அப்படித்தான் இருக்கு பாப்பா. கூட இருக்கறவங்கதான் குழி வெட்டுவாங்க."

அவள் துண்டை மடித்தாள். பிரித்தாள். மறுபடியும் மடித்தாள்.

என் வீட்டுக்காரி வாசல்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நான் எது சொன்னாலும் அதே பார்வைதான்.

மார்ச் 19, வியாழன்

காலை ஆறரைக்கு வழக்கம்போல மேக்கப்காரம்மா தன் பெட்டியோடு வந்தார். ஷூட்டிங் இல்லை என்று தெரியும், இருந்தும் வந்தார். இன்னும் கன்னம் ஒரு பக்கம் லேசாக வீங்கித்தான் இருந்தது. பாப்பா கதவைத் திறந்தாள், வழி விடவில்லை.

"அக்கா, அந்தப் போட்டோவ நீங்களா குடுத்தீங்க?"

"எந்தப் போட்டோவ?... நானா?"

"நீங்களா, இல்லையா?"

மேக்கப்காரம்மா உள்ளே எட்டி என்னைப் பார்த்தார். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். முதல் பக்கத்தில் ஏதோ பாலம் திறந்த செய்தி.

"இருபத்துநாலு வருஷம் உன் முகத்தத் தொட்டிருக்கேன். நீ இத என்கிட்ட ஒரு கேள்வியா கேக்கறியே."

"பதில் சொல்லுங்கக்கா."

"நீ கேட்டதே போதும்மா."

பெட்டியைத் திறந்து ஒரு பென்சிலை எடுத்து மேஜை மேல் வைத்தார். பாப்பாவின் புருவத்துக்கென்று தனியாக வைத்திருந்த பென்சில். சீவிச் சீவி விரல் நீளத்துக்கு வந்துவிட்டது. பாப்பாவின் இடது புருவத்தை வலதைவிட நூல் அளவு மேலே வரைவார். அதனால்தான் அவள் சும்மா நின்றாலே ஜனங்களுக்குச் சிரிப்பு வரும். அந்த நூல் அளவு இந்த அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். இதை நான் ஒத்துக்கொள்கிறேன், நான் நியாயஸ்தன்.

ஒரு வார்த்தைகூடச் சண்டை போடாமல் போய்விட்டார். குற்றம் செய்யாதவர்கள் கத்துவார்கள் இல்லையா? கத்தவில்லையே.

எனக்கும் இன்று சாப்பாடு இறங்கவில்லை. வெயில்தான் காரணம்.

மார்ச் 20, வெள்ளி

பாப்பா கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தானே வரைந்து பார்த்தாள். துடைத்தாள். வரைந்தாள். துடைத்தாள்.

மார்ச் 22, ஞாயிறு

சீரியலின் புரொமோ வந்துவிட்டது. சுவரில் பாப்பாவின் போட்டோ, அதை நோக்கி கேமரா மெதுவாகப் போகிறது, பின்னால் புல்லாங்குழல் அழுகிறது. முப்பது விநாடி. காலையிலிருந்து போன் ஓயவில்லை. துக்கம் விசாரிக்கிறார்கள் என்று பார்த்தால், எல்லோரும் ஒரே கேள்வி: "அந்தப் போட்டோவுல இருக்கறது நிஜமாவே அவங்களா? இவ்வளவு அழகா இருந்தாங்களா?"

பாப்பாவின் பழைய சினேகிதி ஒருத்தி போனிலேயே அழுதாள். பாப்பா, "நான் இன்னும் சாகலடி, வீட்டுலதான் இருக்கேன், கைலி காயப் போட்டுட்டு இருக்கேன்" என்றாள். வைத்த பிறகு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"ஆயிரத்து நூத்தி நாப்பது நாளுல ஒருத்தர்கூட என்னை அழகுன்னு சொன்னதில்ல அத்தை" என்றாள் என் வீட்டுக்காரியிடம். "சொல்றதுக்கு நான் சாக வேண்டியிருந்திருக்கு."

என் வீட்டுக்காரி அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பிடித்தபடியே என்னிடம் கேட்டாள்:

"இந்த மாச ஆரம்பத்துல ஒரு நாள் பீரோவுக்குள்ள தலைய விட்டுக்கிட்டு என்னத்தத் தேடினீங்க?"

"கண்ணாடி."

"அது மூக்கு மேலதானே இருந்துச்சு."

பெண்களுக்கு வேண்டாத விஷயம் எல்லாம் ஞாபகம் இருக்கும்.

மார்ச் 24, செவ்வாய்

பெரிய செய்தி. ஒரு டைரக்டரம்மா போன் செய்தார்கள். சினிமா டைரக்டர், சீரியல் இல்லை. புரொமோவில் அந்தப் போட்டோவைப் பார்த்தார்களாம். மூன்று பிள்ளைகளை வளர்த்து, மூன்று பேரும் விட்டுப்போன ஒரு தாய் வேஷம். படத்தில் பாதி அவள்தானாம். காமெடி துளிகூடக் கிடையாது. ஏப்ரல் மூன்றாம் தேதி கேமரா டெஸ்ட். "அந்த முகம் எனக்கு வேணும், இந்த வயசுல" என்றார்களாம்.

போனை வைத்ததும் பாப்பா சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். பயந்துவிட்டாள்.

"சிரிக்காத முகத்த நான் எங்க போய்த் தேடுவேன் மாமா? அக்கா போட்ட முகம் அது. ஒரே ஒரு தடவை போட்டாங்க. அக்கா இல்லாம நான் எப்படிப் போய் நிக்கறது?"

"ஆயிரம் மேக்கப்காரங்க இருக்காங்க."

"இருக்காங்க. எனக்கு ஒரு அக்காதான். அவங்களே என்னை வித்துட்டாங்கன்னா அப்புறம் யார நம்பி மூஞ்சியக் குடுக்கறது?"

இந்தப் பெரிய வாய்ப்பு எதனால் வந்தது, யாரால் வந்தது என்பதை மட்டும் நான் எழுத முடியாத நிலையில் இருக்கிறேன். காலம் வரும்போது உலகம் தெரிந்துகொள்ளும்.

மாலையில் ஒரு யூடியூப் சேனல்காரர் வந்தார். பாப்பா பார்க்க மறுத்துவிட்டாள். வந்தவரைச் சும்மா அனுப்புவது மரியாதையா? மொட்டை மாடியில் நாற்காலி போட்டு நானே பேசினேன். நாற்பது நிமிடம். நாற்காலி நகர்த்திய கதையைச் சொன்னேன்; இந்தத் தடவை அது சக்கரம் வைத்த நாற்காலியாக அமைந்துவிட்டது, இன்னும் நன்றாக இருந்தது. அப்புறம் போட்டோ விஷயம். பேர் சொல்லவில்லை. "கூடவே இருந்து முகம் தொட்ட கை" என்று மட்டும் சொன்னேன். பழுப்புக் கவர், அதில் சிவப்பு நூல் கட்டியிருந்தது, கொடுத்தவர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். சேனல்காரர், "சார், நீங்க சொல்றது படம் பாக்கற மாதிரி இருக்கு" என்றார். சார் என்றார்.

மார்ச் 25, புதன்

வீடியோ வந்துவிட்டது. தலைப்பு: 'இருபத்துநாலு வருட நட்பு — முதுகில் குத்தியது யார்?' சாயங்காலத்துக்குள் அறுபதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். முகம் தொட்ட கை யாருடையது என்று இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

மார்ச் 26, வியாழன்

மேக்கப்காரம்மாவை இரண்டு கம்பெனியில் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். பக்கத்து வீட்டம்மா சொன்னாள். நான் எதிர்பார்த்ததுதான் என்று சொன்னேன். எதிர்பார்க்கவில்லை.

மார்ச் 27, வெள்ளி

இன்று பாப்பாவின் கடைசி எபிசோடு. ஏழரை மணிக்கு மூன்று பேரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். பால்கனி சீன். பாப்பா துணி உலர்த்துகிறாள், கொடி அறுந்து, ஈரப் போர்வை தலைமேல் விழுந்து, போர்வையோடு கீழ்வீட்டுக்காரரிடம் வம்பு பேசுகிறாள். பிரமாதமாகச் செய்திருந்தாள். ஆனால் எனக்கே சிரிப்பு வரவில்லை. ஏன் என்று புரியவில்லை.

பாப்பாவுக்குப் புரிந்துவிட்டது. திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"மாமா, இது எப்ப எடுத்தது?"

ஞாபகசக்தியில் என்னை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. டக்கென்று சொன்னேன். "மார்ச் ஆறு, வெள்ளிக்கிழமை. காலைல பால்கனி, மதியம் படிக்கட்டு."

"என் புருவத்தப் பாருங்க."

பார்த்தேன். இரண்டு புருவமும் ஒரே கோட்டில், அளவுகோல் வைத்து வரைந்த மாதிரி இருந்தன. நூல் அளவு மேலே இல்லை.

"அன்னிக்கு அக்கா வரல மாமா. கடவாப் பல்லு பிடுங்கப் போயிட்டாங்க. ஒரு புதுப் பொண்ணு வந்து வரைஞ்சுது. எனக்கே இப்பதான் உறைக்குது." திரும்பினாள். "ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால நீங்க யாரப் பாத்தீங்க?"

என் வீட்டுக்காரி எழுந்து டிவியை நிறுத்தினாள். "சொல்லுங்க. கண்ணாடிதான் மூக்கு மேல இருக்கே."

பொய்யில் எல்லாவற்றையும் மாற்றினேன், தேதியை மட்டும் மாற்றத் தோன்றவில்லை. கொடுத்த தேதி அதுதானே.

சொன்னேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன். மார்ச் ஐந்தாம் தேதி செட்காரர் என்னிடம் வந்து, "அம்மாவோட நல்ல போட்டோ ஒண்ணு வேணும் சார், சிரிக்காததா. உங்கள விட்டா யாருகிட்ட சார் கேக்கறது?" என்றார். ஒரே மூச்சில் இரண்டு சார். ஏதோ பாராட்டு விழா, வாசலில் பெரிய பேனர் வைக்கப்போகிறார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். பாப்பாவுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று சொல்லாமல் மறுநாள் எடுத்துப்போய்க் கொடுத்தேன். கவரெல்லாம் இல்லை. பேப்பரில் சுற்றித்தான்.

"சிரிக்காத போட்டோ எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கலையா மாமா?"

கேட்கவில்லை.

"சரி, குடுத்துட்டீங்க. தெரியாம குடுத்துட்டேன்னு சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்? ரெண்டு நாள் பேசாம இருந்திருப்பேன். மூணாவது நாள் நானே வந்து சாப்பிடக் கூப்பிட்டிருப்பேன். எப்பவும் அப்படித்தானே நடக்கும்?"

எப்பவும் அப்படித்தான் நடக்கும்.

"அந்த நாற்காலிக் கதைய மேடைக்கு மேடை சொல்வீங்க. ஒரு நாளாவது நான் மறுத்துப் பேசியிருக்கேனா மாமா? அது என் கதை. உங்களுக்குக் குடுத்தேன், வச்சுக்குங்கன்னு. அக்கா என்னோட பொருள் இல்லையே, அவங்களையும் எடுத்து உங்க கதைக்குள்ள போடறதுக்கு."

அவள் கத்தவில்லை. குற்றம் செய்யாதவர்கள் கத்துவார்கள் என்று முன்னால் எழுதியிருக்கிறேன். அது தப்பு.

மார்ச் 28, சனி

பாப்பா என்னோடு பேசவில்லை.

மார்ச் 30, திங்கள்

மேக்கப்காரம்மா வீட்டுக்குத் தனியாகப் போனேன். இருபத்துநாலு வருடத்தில் வாசல் வரை வண்டியில் போய் ஹாரன் அடிக்கச் சொல்லியிருக்கிறேன், மாடி ஏறியதில்லை. மூன்றாவது மாடி. படிக்கட்டு செங்குத்து. இந்த அம்மா தினமும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இதில்தான் இறங்கியிருக்கிறார்.

கதவைத் திறந்தார். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. வழியில் யோசித்து வைத்திருந்த பேச்சு நீளமானது, நல்ல பேச்சு. பாதி மறந்துவிட்டது, மீதி வாயில் வரவில்லை.

"நான்தான் குடுத்தேன். உங்கள நான் பாக்கவே இல்ல" என்றேன்.

"தெரியும்."

"வீடியோவுல..."

"பாத்தேன். சிவப்பு நூல் கட்டியிருந்தீங்க." முந்தானையை இழுத்துச் செருகினார். "உங்களுக்கு நல்லா சொல்ல வருதுங்க. அதுதான் கொடுமை. அதக் கேட்டுட்டு நானே ஒரு நிமிஷம் யோசிச்சேன், நம்ம வீட்டுல சிவப்பு நூல் இருக்கான்னு."

நான் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். உட்கார இடம் இல்லை.

"பாப்பாவுக்கு மூணாம் தேதி டெஸ்ட்" என்றேன். "நீங்க இல்லாம போகமாட்டேங்கறா. போன் பண்ணவும் கூசறா."

"அவ கேள்வி கேட்டா. அது வலிச்சுது. ஆனா நீங்க பேப்பரத் தூக்கி மூஞ்சிய மறைச்சீங்க பாருங்க, அத நான் மறக்கறதுக்கு நாளாகும்." கதவை ஒரு கையால் பிடித்திருந்தார். "வர்றேன்னு சொல்லுங்க. அந்த முகம் நான் போட்டது, வேற கை பட விடமாட்டேன். ஆனா ஒண்ணு. அந்த வண்டியில நீங்க இருக்கக்கூடாது. அன்னிக்கு மட்டும் இல்ல."

சரி என்றேன். வேறு என்ன சொல்வது?

ஏப்ரல் 1, புதன்

யூடியூப் சேனல்காரரைக் கூப்பிட்டு வீடியோவை எடுக்கச் சொன்னேன். "அதுக்கு என்ன சார், நீங்க சொன்னது பொய்னு இன்னொரு வீடியோ குடுங்க, அதுவும் நல்லா ஓடும்" என்றார். அதே மொட்டை மாடி, அதே நாற்காலி. மேக்கப்காரம்மா அன்றைக்குச் செட்டிலேயே இல்லை, பல் பிடுங்கப் போயிருந்தார், போட்டோவைக் கொடுத்தது நான் என்று சொன்னேன். மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது. என் ஆயுசில் நான் பேசிய மிகச் சின்னப் பேச்சு. "கொஞ்சம் விளக்கமா சொல்லலாமே சார்" என்றார். விளக்க ஒன்றும் இல்லை.

சாயங்காலம் வரை நானூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 3, வெள்ளி

காலை ஆறரைக்கு மேக்கப்காரம்மா பெட்டியோடு வந்தார். பாப்பா கதவைத் திறந்து வழியை விட்டு ஒதுங்கி நின்றாள். மேஜை மேலேயே கிடந்த அந்தப் பென்சிலை மேக்கப்காரம்மா எடுத்து, பிளேடால் சீவினார். பாப்பா முகத்தை நிமிர்த்திக் கொடுத்தாள். என் வீட்டுக்காரி இரண்டு டம்ளர் டீ வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் நடுவாசலில் நிற்காமல் ஓரமாக நின்றேன். இந்தத் தடவை யாரும் சொல்லவில்லை.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. எழுந்து திரும்பியபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தப் போட்டோதான், நாற்பத்தாறு வயதில். இரண்டு புருவமும் ஒரே கோட்டில். ஆனால் அந்தப் புதுப் பெண் வரைந்த மாதிரி இல்லை. இதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வராது.

"போயிட்டு வர்றேன் அத்தை" என்றாள். என் பக்கம் பார்த்து ஒரு தலையசைப்பு. அதற்கு மேல் எதிர்பார்க்க எனக்கு என்ன உரிமை?

மாடியிலிருந்து பார்த்தேன். வண்டி கிளம்பியது. பின்சீட்டில் இரண்டு பேர். முன்சீட்டில், டிரைவர் பக்கத்தில், அந்தப் பெட்டி.

இப்போது மணி பதினொன்று. டெஸ்ட் நடந்துகொண்டிருக்கும். முடிவு எப்படி இருக்கும் என்று என் வீட்டுக்காரி கேட்டாள். தெரியாது என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

பதினேழாம் தேதி எழுதியதைத் திருப்பிப் பார்த்தேன். அதில் ஒன்றைத் திருத்த வேண்டும். அந்தக் கடைசிக் கம்பெனியில் நாற்காலியை நகர்த்தியது நான் இல்லை. நான் அந்த அறைக்குள்ளேயே போகவில்லை. ஒருத்தர்தான் கூட வரலாம் என்றார்கள். பாப்பா மேக்கப்காரம்மாவைக் கூட்டிக்கொண்டு போனாள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஏதோ விழுகிற சத்தம் கேட்டது, அப்புறம் சிரிப்பு கேட்டது. எழுந்து போய் என்ன என்றுகூடப் பார்க்கவில்லை.